பழைய றேடியோப் பகிடி நாடகங்களை ஆக்கள் இன்னும் ஏன் கேட்கினம்?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: அப்பா காரில போகேக்க இலங்கை வானொலியின்ர பழைய பகிடி நாடகத்தைப் போட்டுத் தனியச் சிரிக்கிறார், பக்கத்தில இருந்து கேட்ட உங்களுக்கு ஒரு இடத்திலயும் சிரிப்பு வரேல்லை, அப்ப அதில உண்மையாப் பகிடி இருக்கோ இல்லாட்டி அப்பா தன்ர இளந்தாரிக் காலத்தை நினைச்சுத்தான் சிரிக்கிறாரோ எண்டு. நல்ல கேள்வி. கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேணும், ஏனெண்டால் நான் இந்தச் சாமானை ரெண்டு பக்கத்தாலயும் பார்த்தவன், கேட்ட ஆளாயும், அந்தப் பெட்டியளைக் கழட்டித் திருத்தின ஆளாயும்.

என்ர அப்பாவுக்கு யாழ்ப்பாணத்தில நெல்லியடிப் பக்கம் றேடியோ திருத்துற கடை. ஒரு மேசை, ஒரு சோல்டரிங் அயன், திருத்தி முடிஞ்சும் ஆக்கள் எடுக்க வராத பிலிப்ஸ், நெஷனல் பெட்டியள் சுவர் முழுக்க. நாடகம் போற நாளுக்கு முதல்நாள் பின்னேரம் கடை வாசலில சனம் நிக்கும். "எப்பிடியெண்டாலும் நாளைக்கு நாடகத்துக்கு முன்னம் கதைக்கப் பண்ணித் தந்திடு மோனை" எண்டு அப்புமார் வந்து நிண்டு கெஞ்சுவினம். மற்ற நாளில எல்லாம் "றேடியோ பாடுதில்லை" எண்டுதான் கொண்டுவாறவை, நாடகம் எண்டால் மட்டும் அது "கதைக்க" வேணும்.

நான் சொல்லவாறது அதுதான். அந்த நாடகங்களில பகிடி ஆக்கள் சொல்லுற விசயத்தில இல்லை, அவை கதைக்கிற விதத்தில இருக்கு. ஒரு பகிடியை ரெண்டாந்தரம் சொன்னால் ஆரும் சிரிக்கமாட்டினம், மூண்டாந்தரம் சொன்னால் எழும்பிப் போவினம். ஆனா ஒரு ஆள் கதைக்கிற ராகம் இருக்கே, அந்த இழுவை, அந்த "ம்ம்ம்?" எண்டு கேட்கிறது, கோவத்தை விழுங்கிக்கொண்டு "சரி சரி இருங்கோவன்" எண்டு சொல்லுறது, அது பாட்டு மாதிரி. அடுத்தது என்ன வருமெண்டு தெரிஞ்சால்தான் இன்னும் நல்லா இருக்கும். உங்கட அப்பா சிரிக்கிற இடத்தைக் கவனிச்சுப் பாருங்கோ, வசனம் முடிஞ்ச பிறகில்லை, வசனம் தொடங்க முன்னமே சிரிக்கத் தொடங்கியிருப்பார்.

இதுக்கு நல்ல உதாரணம் "அண்ணை றைற்". கரவெட்டி கே. எஸ். பாலச்சந்திரன் தனி ஆளாச் செய்தது, மேடையிலயும் றேடியோவிலயும் கசெற்றிலயும் வந்து, கடைசியில அவற்ற பேருக்கு முன்னால ஒட்டிப்போச்சு. கதையெண்டு ஒண்டும் பெருசா இல்லை. யாழ்ப்பாணத்து பஸ் ஒண்டு, அதில ஒரு கொண்டக்டர், ஏறுற சனம் இறங்குற சனம், அவ்வளவுதான். "அண்ணை றைற்" எண்டது கொண்டக்டர் றைவருக்குச் சொல்லுறது, பஸ்சை எடுங்கோ எண்டு. இதைத் தமிழ்நாட்டு ஆளுக்கு விளங்கப்படுத்தப் போனால் "இதில என்ன ஜோக்?" எண்டு கேட்பார், கேட்கிறதும் நியாயம்தான். ஆனா அந்த பஸ்சில ஏறினவனுக்குத் தெரியும், முன்னுக்குப் போங்கோ முன்னுக்குப் போங்கோ எண்டு கத்துற கத்தல் எப்பிடி மரியாதையில தொடங்கி, பிறகு கெஞ்சலாகி, பிறகு ஏச்சாகி, கடைசியில தத்துவமா முடியுமெண்டு. பாலச்சந்திரன் அண்ணை அதைப் பிடிச்சார். ஒரு தொண்டைக்குள்ளால ஒரு பஸ் நிறைஞ்ச சனம். 2014இல அவர் கனடாவில காலமான செய்தி வந்த அண்டைக்கு ஊரில இருக்கிற ஆக்களும் வெளிநாட்டில இருக்கிற ஆக்களும் ஆளுக்காள் அனுப்பினது அந்த பஸ் சத்தத்தைத்தான்.

பேர் ஒட்டினதெண்டு சொன்னன் இல்லையோ, அது அவருக்கு மட்டும் இல்லை, மற்ற றேடியோ நாடகக்காரருக்கும் அப்பிடித்தான். எஸ். ராமதாஸ் எண்டால் பாதிப்பேருக்குத் தெரியாது, மரிக்கார் ராமதாஸ் எண்டால் தெரியும். ராஜகோபால் அப்புக்குட்டி ராஜகோபால், செல்வசேகரன் உபாலி செல்வசேகரன், ஜேசுரத்தினம் முகத்தார் ஜேசுரத்தினம். சினிமா நடிகருக்குப் பட்டம் ரசிகர் குடுக்கிறவை, இவையளுக்கு அவை போட்ட குரலே பட்டமாப் போச்சு. றோட்டில கண்டால் முகத்தை ஆருக்கும் தெரியாது, வாயைத் திறந்தால்தான் சனம் திரும்பிப் பார்க்கும்.

சரி, இது எப்பிடித் தொடங்கினதெண்டு கொஞ்சம் சொல்லவேணும். கொழும்பில வானொலி 1925இலயே தொடங்கீட்டுது, 1949இல றேடியோ சிலோன் எண்டு பேர், அடுத்த வருசம் வர்த்தக சேவை, 1967இல இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம். இந்த வருசங்கள் பெருசா முக்கியமில்லை. முக்கியமானது என்னெண்டால் றேடியோவில வாற தமிழ் எங்கட தமிழ் இல்லை. செய்தி வாசிக்கிறது நல்ல எழுத்துத் தமிழ், அறிவிப்பாளர்மார் கதைக்கிறதும் வடிவான துப்பரவான தமிழ், மிச்சம் இந்தியப் பாட்டு, இந்தியப் படத்தின்ர ஒலிச்சித்திரம். வீட்டில "வாறன், போறன், எண்டவை, சொன்னவை" எண்டு கதைச்சுக்கொண்டு திரிஞ்ச சனத்துக்கு, றேடியோ எண்டால் சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு கேட்கிற சாமான்.

அதுக்குள்ளதான் சானா வந்தார், எஸ். சண்முகநாதன். றேடியோ நாடகப் பகுதியில இருந்த ஆள், அவரைத்தான் ஈழத்து றேடியோ நாடகத்தின்ர தகப்பன் எண்டு பெரியாக்கள் சொல்லுறவை. அவற்ற "இலண்டன் கந்தையா", "விதானையார் வீட்டில்" ரெண்டும் பேரிலயே பகிடியை வைச்சிருக்கு. லண்டன் ஒரு பக்கம், கந்தையா ஒரு பக்கம், ரெண்டையும் ஒண்டாச் சொன்ன உடன ஒவ்வொருத்தனுக்கும் தன்ர ஊர்க் கந்தையாவின்ர நினைவு வந்திடும். விதானையார் எண்டது உங்களுக்கு விளங்காட்டில், அது ஊர்த் தலைமைக்காரர், அரசாங்கத்துக்கும் ஊருக்கும் நடுவில நிக்கிற ஆள். 1963இல அந்தப் பதவியை எடுத்திட்டுக் கிராம சேவகர் எண்டு வைச்சவை, ஆனா எங்கட சனம் இண்டைக்கும் கிராம அலுவலரிட்டக் கையெழுத்து வாங்கப் போகேக்க விதானையாரிட்டப் போறன் எண்டுதான் சொல்லும். அப்பிடிப்பட்ட ஆளின்ர வீட்டுக்குள்ள நடக்கிறதை, வேலிக்கு இஞ்சால நிண்டு ஒட்டுக்கேட்கிற மாதிரிக் கொழும்பில இருந்து கேட்டால் சனத்துக்கு எப்பிடி இருந்திருக்கும்! அம்மம்மா சொல்லுவா, முதல்முதல் கேட்டபோது சிரிப்பை விட வெக்கம்தான் வந்ததாம், "ஐயோ நாங்கள் கதைக்கிற மாதிரியே கதைக்கினம், கொழும்பாக்கள் கேட்டால் என்ன நினைப்பினம்" எண்டு. பிறகுதானாம் சிரிப்பு வந்தது. அந்த வெக்கம் கழண்டு விழுந்த சத்தம்தான் அந்தச் சிரிப்பெண்டு நான் நினைக்கிறன்.

அதுக்குப் பிறகு எழுபதுகளில "கோமாளிகளின் கும்மாளம்". இது வேற மாதிரி. சானாவின்ர உலகம் ஒரு ஊர், இது ஒரு நாடு. மரிக்கார் முஸ்லிம் ஆக்களின்ர தமிழில கதைப்பார், அப்புக்குட்டி எங்கட யாழ்ப்பாணத் தமிழ், உபாலி சிங்களவர் கதைக்கிற தமிழ், எல்லாரையும் ஒரே இடத்தில போட்டு முட்டுப்பட விட்டால் போதும், கதை எழுதவே தேவையில்லை. முகம் காட்டாமல் ஆர் கதைக்கிறதெண்டு உடன தெரியவேணும் எண்டது றேடியோவுக்கு இருக்கிற கட்டாயம், அந்தக் கட்டாயத்தையே பகிடியா மாத்தினதுதான் அதின்ர கெட்டித்தனம். 1976இல அதையே "கோமாளிகள்" எண்டு படமாவும் எடுத்தவை. எனக்கென்னவோ நாடகம்தான் திறம். படத்தில அப்புக்குட்டி ராஜகோபால் அண்ணையாத் தெரிஞ்சார், றேடியோவில அவர் எங்கட பக்கத்து வீட்டு அப்புக்குட்டியா இருந்தவர்.

இனி மெக்கானிக் கதை கொஞ்சம், பொறுத்துக்கொள்ளுங்கோ, எங்கட தொழில் அப்பிடி. மீடியம் வேவில ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடைவெளி 9 கிலோஹேர்ட்ஸ்தான். அதால அந்தப் பெட்டியில கேட்கக்கூடிய சத்தம் கிட்டத்தட்ட 4.5 கிலோஹேர்ட்ஸ் மட்டும்தான் போகும், அதுக்கு மேல வெட்டுப்பட்டிடும். ஸ்பீக்கரும் சின்னன், நாலு அங்குலம். அதில வயலின் கேட்டால் தகரத்தில கீறுற மாதிரி, மிருதங்கத்தின்ர அடிச்சத்தம் வராது. ஆனா மனிசக் குரலுக்குத் தேவையானது முக்கால்வாசி அந்த எல்லைக்குள்ளேயே இருக்கு, அதால குரல் மட்டும் தெளிவா, முகத்துக்குக் கிட்ட வந்து கதைக்கிற மாதிரி வரும். மழைச்சத்தம் போட்டால் ஸ்ரேஷன் இரையிற மாதிரித்தான் இருக்கும், எங்கட அம்மா எழும்பிப்போய் டயலைத் திருப்பிப்போடுவா. அதால விசயம் தெரிஞ்ச நாடகக்காரர் சத்தங்களை அளவாத்தான் போடுவினம், ஒரு படலை கிரீச்சிடும், பாக்கு இடிக்கிற சின்ன உரல், அந்தப் பாக்குரல் இடிபடும், கிணத்துக் கப்பி சுத்தும், அவ்வளவு காணும். பாக்குரல் சத்தம் கேட்டாலே ஒரு கிழவி விறாந்தையில இருக்கிறா எண்டு எங்களுக்குத் தெரியும், ஆச்சி வாயே திறக்கத் தேவையில்லை. மைக்குக்குக் கிட்ட நிண்டு மெதுவாச் சொன்னால் மனசுக்குள்ள நினைக்கிறார், தள்ளி நிண்டு கத்தினால் முத்தத்தில நிக்கிறார். ஒரு முழம் தூரத்தில ஒரு வீட்டையே கட்டிப்போட்டவை.

அதைவிடப் பெரிய சாமான் சத்தம் இல்லாத இடம். இதுக்கு எங்கட ஆக்கள் மட்டும் இல்லை, அமெரிக்காவில ஜாக் பெனி எண்டு ஒரு ஆள், 1932இல இருந்து வருசக்கணக்கா றேடியோவில பகிடி செய்தவர், அவர் போட்ட வேசம் படுகஞ்சன். 1948இல ஒரு நிகழ்ச்சியில கள்ளன் ஒருத்தன் துவக்கைக் காட்டிப் பணமோ உயிரோ எண்டு கேட்கிறான். பெனி ஒண்டும் சொல்லேல்லை. சனம் சிரிக்கத் தொடங்கீட்டுது. கள்ளன் திருப்பிக் கேட்க, யோசிச்சுக்கொண்டு இருக்கிறன் எண்டு எரிஞ்சு விழுறார். எழுபத்தஞ்சு வருசம் தாண்டியும் அதைச் சொல்லுறவை. ஏன்? அந்த மௌனத்தை நிரப்பினது கேட்ட சனம், பெனி இல்லை. கஞ்சன் மனசுக்குள்ள கணக்குப் பார்க்கிறதை ஆளாளுக்குத் தங்கட வீட்டில இருந்தே கண்டவை. அதே மாதிரி ஒரு மௌனம் எங்கட நாடகத்திலயும் வரும், மாப்பிள்ளை வீட்டுக்காரர் சீதனம் எவ்வளவு எண்டு கேட்ட பிறகு. பாக்கு இடிக்கிற சத்தம் நிண்டுபோகும், அவ்வளவுதான். அதைக் கேட்டு யாழ்ப்பாணத்தில சிரிக்காத தகப்பன் இருந்தால் அவருக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்லை எண்டு அர்த்தம்.

ரி.வி. வந்து இதைக் கெடுத்ததெண்டு கனபேர் சொல்லுவினம், எனக்கு அதில முழு உடன்பாடில்லை. 82இல அரசாங்க ரி.வி. ரூபவாஹினி வந்தது உண்மை, தூரதர்சன் பிடிக்கவெண்டு தென்னைமர உயரத்துக்கு அன்டெனா நட்டதும் உண்மை. ஆனா எங்களுக்கு ரி.வி.யை நிப்பாட்டினது யுத்தம். 90இல கரண்ட் போச்சு, வருசக்கணக்கா வரேல்லை, றேடியோ பற்றறிக்கும் தடை. அப்பதான் திரும்பவும் குரலுக்கு வந்தம். சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி, இல்லாட்டி ஸ்ராண்டில ஏத்தி, டைனமோவில இருந்து றேடியோவுக்கு வயர் இழுக்கிறது. டைனமோ குடுக்கிறது 6 வோல்ற், 3 வோட், அதுவும் ஏசி, அதை நாலு டையோட் போட்டு டிசி ஆக்கி ஒரு கப்பாசிற்றரும் வைச்சால் றேடியோ பாடும். அந்த நாலு டையோட்டை வைச்சுத்தான் நான் அந்தக் காலத்தில சோறு திண்டன் எண்டு சொல்லலாம். மிதிக்கிற ஆளுக்குக் கூலி, செய்தி முடிய ஒரு கசெற். இரவில சித்தப்பாவின்ர மகன் மிதிப்பான், நாங்கள் ஒரு பத்துப்பேர் சுத்திவர இருந்து அண்ணை றைற் கேட்பம். பகிடி வந்த இடத்தில அவனும் சிரிப்பான், சிரிச்ச உடன கால் ஆறும், கால் ஆறினால் வோல்ற் விழும், கசெற் இழுபடும், கொண்டக்டர் "அண்ண்ண்ணைஐஐ றைஐஐற்" எண்டு செத்த ஆள் மாதிரிக் கதைப்பார், அதுக்கு இன்னும் சிரிப்பு, பிறகு அவனால மிதிக்கவே ஏலாமல் போயிடும். அம்மா உள்ளுக்க இருந்து "மெதுவாச் சிரியுங்கோடா, மேல பிளேன் சத்தம் கேட்டாலும் தெரியாது" எண்டு பேசுவா. இண்டைக்கு யூரியூப்பில தெளிவான சத்தத்தில அதைக் கேட்கிறன், சிரிப்பு வருது, ஆனா அந்த இழுபட்ட இடத்தில ஒண்டு குறையுது எனக்கு.

அதால நீங்கள் கேட்ட மற்றப் பாதிக்கும் ஓம் எண்டுதான் பதில், அப்பா தன்ர காலத்தை நினைச்சும் சிரிக்கிறார்தான். அதில பிழையில்லை. ஆனா அது மட்டும் எண்டு சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டன், ஏனெண்டால் அதே காலத்தில வந்த சோக நாடகங்கள் கனக்கத்தை ஒருத்தரும் இப்பத் தேடிக் கேட்கிறதில்லை. "தணியாத தாகம்" மாதிரி ஒண்டு ரெண்டைத் தவிர. அழுகை சீக்கிரம் பழசாகும் எண்டு நினைக்கிறன், ஒவ்வொரு தலைமுறையும் வேற வேற மாதிரி அழுகுது.

எல்லாம் பொன் எண்டும் நான் சொல்லமாட்டன். மனிசியைப் பற்றின பகிடியள் கனக்க இப்பக் கேட்கேலாது, திக்குவாய் ஆளை வைச்சுச் சிரிக்கிறது, மலையகத் தமிழைக் கதைச்சாலே பகிடி எண்டு நினைச்சது, இதெல்லாம் அண்டைக்கே பிழைதான், எங்களுக்கு உறைக்கேல்லை. வேற சிலது பிழையில்லாமலே கசந்து போச்சு. உபாலியின்ர தமிழுக்கு எழுபதுகளில நாங்கள் சிரிச்ச சிரிப்பில ஒரு செல்லம் இருந்தது, 83 கலவரத்துக்குப் பிறகு அதே மாதிரி உச்சரிப்பை நாங்கள் ஆமிச் சென்றியிலதான் கேட்டம், ஐசி, அதுதான் அடையாள அட்டை, எடுங்கோ எண்டு. மரிக்காரின்ர குரலும் அப்பிடித்தான். 90 ஒக்டோபரில யாழ்ப்பாணத்து முஸ்லிம் ஆக்களைப் புலிகள் அடிச்சுத் துரத்தாத குறையா அனுப்பின பிறகு, சோனகதெருவில வெறும் வீடுகளுக்கு முன்னால சைக்கிளில போகேக்க எனக்கு அந்தக் குரல் ஞாபகம் வந்திருக்கு. ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைக்கேல்லை அப்ப, நானும் கதைக்கேல்லை. மூண்டு விதமான தமிழும் ஒரு பெட்டிக்குள்ள சண்டைபிடிச்சுச் சிரிச்ச ஒரு காலம் இருந்தது எண்டதுக்கு அந்த நாடகம்தான் சாட்சியாக் கிடக்கு.

இனி உங்களுக்கு ஏன் சிரிப்பு வரேல்லை எண்டதுக்கு வாறன். நீங்கள் பகிடியைத் தேடிக் கேட்டிருப்பியள், அதுதான் பிழை. இப்பத்தைய ஸ்ராண்டப் கொமடி மாதிரி முப்பது செக்கனுக்கு ஒரு வெடி அதில வராது. ஒரு ஆள் படலையைத் திறந்து, செருமி, "பொழுது படுகுது என்ன" எண்டு சொல்லி, வெத்திலைத் தட்டத்தை இழுத்து, பிறகுதான் வந்த விசயத்துக்கே வருவார், அந்த விசயம் கடன் கேட்கிறது, அது வீட்டுக்காரருக்கும் தெரியும், கேட்கிற எங்களுக்கும் தெரியும், அவர் எப்ப எப்பிடி அதுக்கு வந்து சேருறார் எண்டதுதான் பகிடி. எங்கட ஊரில ஆரும் நேர ஒண்டைக் கேட்கமாட்டினம், சுத்திவளைச்சுத்தான் வருவினம். அந்தச் சுத்தல் உங்களுக்குப் பழக்கமில்லை, நீங்கள் வெளியில வளர்ந்த பிள்ளை, உங்களில பிழையில்லை.

ஒண்டு செய்து பாருங்கோ. போனைக் கையில வைச்சுக்கொண்டு கேட்காதேங்கோ, ஸ்கிரீனில ஒரு அசையாத படம்தானே கிடக்கும், கண் அலுத்திடும். லைற்றை நூத்துப்போட்டுப் படுத்திருந்து கேளுங்கோ, இல்லாட்டிக் குசினியில காய் வெட்டேக்க அப்பாவையும் கூப்பிட்டு வைச்சுக் கேளுங்கோ, இடையில நிப்பாட்டி "இவர் ஆர் மாதிரி கதைக்கிறார்?" எண்டு கேளுங்கோ. உங்கட பெரியப்பா மாதிரி எண்டுவார், இல்லாட்டி ஊரில இருந்த ஒரு கடைக்காரர் மாதிரி எண்டுவார், அங்காலதான் உண்மையான நிகழ்ச்சி தொடங்கும், றேடியோவை நிப்பாட்டவேண்டி வரும். நாங்கள் அந்தக் காலத்தில கேட்டதும் அப்பிடித்தான், பாதி நாடகம் றேடியோவில, மிச்சப்பாதி "உது எங்கட கிழக்குவீட்டு மாமா எல்லோ!" எண்டு விறாந்தையில.

போன மாதம் பருத்தித்துறை போற 750ஆம் நம்பர் பஸ்சில வந்துகொண்டிருந்தன். கொண்டக்டர் இருபது வயசுப் பெடியன், தலைமயிருக்குக் கலர் அடிச்சிருந்தான், மிதிபலகையில தொங்கிக்கொண்டு பஸ்சில ரெண்டு தட்டுத் தட்டி "அண்ணை றைஐற்" எண்டு இழுத்தான். அவனுக்கு அந்தக் கசெற்றைத் தெரிய வாய்ப்பே இல்லை. எனக்கு முன் சீற்றில இருந்த வெள்ளைத்தலை ஒண்டு யன்னல் பக்கம் திரும்பினபடி குலுங்கிச்சு. நானும் சிரிச்சன். ஆளையாள் பார்க்கேல்லை. நெல்லியடி வர அவர் இறங்கிப்போட்டார்.